அம்மாவின் போனில் என் விரல்

எங்கள் வீட்டுப் போனுக்கு அம்மாவின் விரலை அடையாளம் தெரியாது. என் விரலைத்தான் தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்குப் பதினொரு வயது.

அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செதிள் சீவியும், ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவியும், உப்புத் தண்ணீரில் ஊறியும் அவள் விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டிருந்தன. ஆதார் எடுக்கப் போன இடத்தில் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை கண்ணைப் படம்பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அம்மா அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. அவள் வரிசையில் உட்கார்ந்து மீன் விற்ற பாதிப் பெண்களுக்கு அதே கதைதான்.

பழைய நோட்டுகள் செல்லாமல் போன பிறகு, மீன் வாங்க வந்தவர்கள் பையை நீட்டுவதற்கு முன்னால் ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். நாலைந்து பேர் அப்படிப் போனதும் அம்மா விழித்துக்கொண்டாள். கறுப்புக் கட்டம் போட்ட அட்டை ஒன்றை ஐஸ் பெட்டி மூடியில் ஒட்டி வைக்க ஏற்பாடு செய்தாள். அதற்கு ஒரு நல்ல போன் வேண்டும் என்றார்கள். அப்பா துறைமுகத்திலிருந்து படகில் போனால் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வருவார். அதனால் அம்மாவும் நானும்தான் போன் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் அம்மாவின் கட்டை விரலை அமுக்கினார், ஆள்காட்டி விரலை அமுக்கினார், துடைத்து அமுக்கினார். போன் மசியவில்லை. எண் வைத்துக்கொள்ளலாம் என்றார். அம்மாவுக்கு எண்கள் மேல் நம்பிக்கை கிடையாது. மறந்துபோகும், அல்லது எவனாவது எட்டிப் பார்ப்பான் என்றாள். என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"பாப்பா வெரல வையுங்க. அவ வேற நான் வேறயா?"

என் விரலைப் போன் முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. பணம் அனுப்பும்போது நான்கு எண் கேட்கும், அது மட்டும் கட்டாயம் என்றார் கடைக்காரர். அம்மா என் பிறந்த தேதியையும் மாதத்தையும் சொன்னாள். அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே தேதி அதுதான். ஆக விரலும் என்னுடையது, எண்ணும் என்னுடையது. ஆங்கிலத்தில் வரும் பேங்க் செய்திகளைப் படித்துச் சொல்வதும் நான்தான். காலையில் மார்க்கெட்டில் போனைத் திறந்து கொடுக்க ஆளில்லாததால் அது வீட்டிலேயே கிடந்தது. அட்டையை ஸ்கேன் செய்து போட்ட பணத்தையெல்லாம் மத்தியானம் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து திறந்து, படித்துச் சொல்லுவேன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் இவ்வளவு அதிகாரம் உள்ள ஆறாம் வகுப்புப் பெண் வேறு யாரும் இல்லை.

அந்த அதிகாரமெல்லாம் ஜூலை மாதம் வந்ததும் பிசுபிசுத்துப் போகும். ஏனென்றால் ஜூலையில் பாரீஸ்காரி வந்துவிடுவாள்.

பாரீஸ்காரி என்பது நான் வைத்த பெயர். அவள் என் அத்தை மகள், என்னைவிட எட்டு மாதம் பெரியவள். அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கையை ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுச் சிப்பாய்க் குடும்பத்தில், கொடுத்திருந்தார்கள். மாமாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய மனிதர். அந்த வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். அத்தையும் மாமாவும் பாரீஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊரில் இருந்தார்கள். வருடா வருடம் அந்த ஊர்ப் பள்ளி விடுமுறைக்கு ஒன்றரை மாதம் வந்து, இங்கே மாமாவின் பூர்வீக வீட்டில் தங்கி, வீராம்பட்டினத்து ஆடித் தேரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

எனக்கு அவளைப் பார்த்தால் வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் போட்டுச் சின்னதாகிப்போன கவுன்கள் பெட்டியில் மடித்து வந்து எனக்குப் புதுசாகும். அவளுடைய பழைய பேனா, பழைய ஷூ, பக்கத்து வீட்டுக் குழந்தை கடித்து வைத்த பழைய கரடி பொம்மை, எல்லாம் எனக்கு. தெருவில் நான் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு நடந்தால், பாரீஸ் துணியா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். உள்ளுக்குள் அந்தத் துணி மேல் தீ வைக்கத் தோன்றும்.

துணியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மீனைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நல்ல சங்கரா மீனாகப் பொறுக்கி எடுத்து வந்து குழம்பு வைப்பாள். பாரீஸ்காரிக்கு முள் பார்க்கத் தெரியாது. அவள் ஊரில் மீன் முள்ளில்லாமல் பெட்டியில் வருமாம். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக உருவி, சதையை மட்டும் அவள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே இருப்பாள். அவள் தின்னத் தின்ன ஒதுக்குவாள். "மெர்சி மாமி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அது சிரிக்கும். அம்மா அதைக் கேட்டு அதைவிடப் பெரிதாகச் சிரிப்பாள். எனக்கு வால் பக்கம் விழும். எனக்கு அம்மா முள் எடுத்துக் கொடுத்ததாக ஒரு நினைவுகூடக் கிடையாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டுக் காக்கைக்கு மட்டும் அடுத்த கூட்டுக் குஞ்சுதான் பொன் குஞ்சு.

அந்த வருடம் அவள் புதிதாக ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். அவள் கையில் இருந்த டேப்லெட்டில் ஒரு தீவு இருந்தது. தீவில் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு வீடு கட்ட வேண்டும், தோட்டம் போட வேண்டும், உடை மாற்ற வேண்டும். பக்கத்துத் தீவில் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளலாம். அவளே எங்கள் வீட்டுப் போனில் அதை இறக்கி, என்னைப் பக்கத்துத் தீவாகச் சேர்த்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவள் நல்லவள்தான், இப்போது நினைத்தால் அதற்குப் பிறகும் நல்லவள்தான்.

அவள் தீவில் மாளிகை இருந்தது. மயில்கள் உலாவின. வாசலில் ஒரு வெள்ளைக் குதிரை நின்று வாலை ஆட்டியது. என் தீவில் ஒரு குடிசையும் ஒரு கோழியும் இருந்தன. கோழிகூட இனாமாகக் கொடுத்தது. ஒரு நாள் அவள் என் தீவுக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, தன் உடைந்த தமிழில், உன் வீடு பாவமா இருக்கு என்று சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பாவப்பட்டாள். கேலி செய்திருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

மாளிகை எப்படி வந்தது என்று கேட்டேன். நீலக் கல் வாங்க வேண்டும், கல் இருந்தால் எல்லாம் வரும் என்றாள். கல் வேண்டுமானால் அவள் அப்பாவிடம் டேப்லெட்டை நீட்டுவாள். மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று கணக்காக விரலை வைப்பார். விரல் வைத்தால் கல் வரும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறியது. கணக்கும் மாதமும் ஏறவில்லை. மாமாவிடம் இருக்கிற விரல் என்னிடமும் இருக்கிறதே என்று தோன்றியது.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். முதல் தடவை உண்மையிலேயே அது விளையாட்டாகத்தான் இருந்தது. திரையில் விரல் கேட்டது, கொடுத்தேன். எண் கேட்டது, என் பிறந்த நாளைக் கொடுத்தேன். நீலக் கற்கள் மழையாகக் கொட்டின. மறுநிமிடமே பேங்கிலிருந்து செய்தி வந்தது. அதைப் படித்தபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டில் அந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதும் அதே நொடியில் புரிந்தது. அழித்துவிட்டேன்.

அப்புறம் என்ன, ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். குடிசை ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு மாடி வீடானது. அவளிடம் ஒரு குதிரை என்றால் எனக்கு இரண்டு. அவள் மயிலுக்குப் பதில் என்னிடம் யானை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா அசந்து தூங்கும் அந்த ஒரு மணி நேரம் எனக்குப் போதும். தினமும் மாலையில் அம்மா, பேங்கில் எவ்வளவு சேர்ந்திருக்கு பாப்பா என்று கேட்பாள். நான் பழைய தொகையோடு அன்றைய வரவைக் கூட்டிச் சொல்லுவேன். கூட்டலில் நான் கெட்டி. பாரீஸ்காரி என் தீவைப் பார்த்து வாயைப் பிளந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பணம் எதற்குச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். ஆடித் தேருக்குப் பிறந்த வீட்டுக்கு வரும் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்களில் இல்லை. சேலையும் வேட்டியும் வெள்ளியில் ஏதாவது ஒன்றும் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். முந்தைய வருடங்களில் அம்மா நூல் சேலையோடு ஒப்பேற்றியிருந்தாள். இந்த வருடம் பட்டாக எடுப்பது என்று முடிவு கட்டியிருந்தாள். அதற்காகவே அந்த பேங்க் பணத்தைத் தொடாமல் விட்டு, கையில் வந்த சில்லறையில் குடும்பத்தை ஓட்டினாள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நான் யோசித்ததில்லை. அதுவும் பாரீஸ்காரி வீட்டுக்குத்தான் போகப்போகிறது என்ற எண்ணம் எனக்கு வசதியாக இருந்தது.

தேருக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம், அம்மா என்னையும் போனையும் கூட்டிக்கொண்டு நேரு வீதிக்குப் போனாள். வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லிப் பார்த்தேன். நடந்தால் சரியாகிவிடும் என்றாள். துணிக்கடையில் அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை விரிக்கச் சொல்லி, அதை அழுக்காக்கிவிடக் கூடாது என்று புறங்கையால் மட்டும் தடவிப் பார்த்தாள். இந்த மாதிரி அங்கே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டாள். எங்கே என்று அவருக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் பட்டுக்கரை வேட்டியும், பாரீஸ்காரிக்குப் பாவாடை சட்டையும் எடுத்தாள். அந்தப் பாவாடையைப் பார்த்ததும் எனக்குக் குற்ற உணர்ச்சி போய்க் கோபம் வந்தது.

பணம் கட்டும் இடத்தில் போனை என்னிடம் நீட்டினாள். திறந்தேன். எண்ணைப் போட்டேன். போகவில்லை. மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் போகவில்லை. கணக்கில் பணம் இல்லை என்று வருகிறதும்மா என்றார் அங்கே இருந்த பெண். அம்மா சிரித்தாள். இருக்கே, பாப்பா நேற்றுக்கூடப் பார்த்துச் சொன்னாளே என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு அம்மா துணிப்பையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன், யாருக்கும் கொடுத்துடாதீங்க என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் காலையில் மார்க்கெட்டைப் பாதியில் போட்டுவிட்டு பேங்குக்குப் போய்ப் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து வாங்கிவந்தாள். அங்கே இருந்தவர் படித்துச் சொல்லியிருக்கிறார். பதினேழு தடவை, எல்லாம் ஒரே விளையாட்டுக்கு. அம்மா அந்தப் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தபோது, அப்பாவும் படகிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு பாப்பா?" என்றாள் அம்மா.

நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பாரீஸ்காரிதான் வரும்போதெல்லாம் நம் போனில் விளையாடினாள் என்றேன். அந்த விளையாட்டை இறக்கியதே அவள்தான் என்றும் சொன்னேன். அது உண்மை என்பதால் குரல் நடுங்கவில்லை. அப்பாதான் குதித்தார். தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கேட்டே ஆக வேண்டும் என்றார். வேண்டாங்க என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

அத்தை வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே மாமா உட்கார்ந்திருந்தார். அப்பா சொல்லி முடிப்பதற்குள் அத்தையின் முகம் சிவந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டாள். அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, கேட்டுவிட்டு, இல்லை என்றாள். தமிழ் போதாமல் பிரெஞ்சுக்குத் தாவி, வேகவேகமாக என்னவோ சொல்லி அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எவ்வளவோ நாள் ஆசைப்பட்ட காட்சி. கிடைத்தபோது அவ்வளவு ருசியாக இல்லை.

மாமா அமைதியான மனிதர். போனைக் கொடுங்க, எந்தத் தேதி என்று பார்ப்போம் என்றார். போன் பூட்டியிருந்தது. அப்பா அதை என்னிடம் நீட்டினார். அத்தனை பேர் முன்னாலும் நான் விரலை வைத்துத் திறந்துகொடுத்தேன். மாமா வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு, இதில் நான்கு தடவை நாங்கள் திருப்பதி போயிருந்த நாட்களில் நடந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை.

"நான்தாங்க," என்றாள் அம்மா. "எதையோ அமுக்கப் போயி எதையோ அமுக்கிட்டேன்."

மாமா அதை நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அந்த விளையாட்டுக் கம்பெனிக்கு எழுத நினைத்ததால் அவருக்கு விவரம் சரியாக வேண்டியிருந்தது. உங்க விரலா என்று கேட்டுப் போனை அணைத்து அவளிடம் நீட்டினார். அம்மா கையை முந்தானையில் துடைத்து, கட்டை விரலை வைத்தாள். போன் ஒருமுறை அதிர்ந்துவிட்டு அப்படியே இருந்தது. விரலை ஊதிவிட்டு மறுபடி வைத்தாள். திறக்கவில்லை. இன்னும் ஒருமுறை அழுத்தி வைத்தாள். திறக்காது என்று அவளுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அப்பா தரையைப் பார்த்தார்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். பெற்றவர்களின் அனுமதி இல்லாமல் குழந்தை வாங்கிவிட்டது என்று எழுதிப் போட்டால் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள், பாரீஸிலும் இப்படி நடக்கிறதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். அத்தை இடையில் புகுந்து, திருட்டுத்தனமும் செய்துவிட்டு என் மகள் மேல் பழியும் போட்டிருக்கிறாள் உன் மகள் என்றாள். அண்ணியை அண்ணி என்று கூப்பிடாமல் பேசினாள்.

"அவ திருடல," என்றாள் அம்மா. "பாப்பா வெரல வையுங்க, அவ வேற நான் வேறயான்னு கடையில சொன்னது நானு. அப்ப அது என் வெரலுதான். அனுமதி இல்லன்னு எப்பிடிங்க எழுதறது?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். எழுதவில்லை. பணமும் வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வந்திருக்க வேண்டிய காசு, இவள் வீம்பால் போச்சு என்பார். வீம்பும் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. நாத்தனார் முன்னால் தன் மகள் பெயரைத் திருடி என்று எழுதிக் கையெழுத்துப் போட அம்மாவால் முடியாது.

கிளம்பும் முன் அம்மா பாரீஸ்காரியிடம் போய், அவள் உயரத்துக்குக் குனிந்து, மன்னிச்சிக்கம்மா என்றாள். என் அம்மா, மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவர்களைக் கண்ணாலேயே ஓட்டுகிறவள், அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து நின்றாள். வெட்கப்பட வேண்டிய நேரம் அது. நான் பொறாமைதான் பட்டேன். அவளிடம் பேசும்போது அம்மாவின் குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

வீடு வரைக்கும் நடந்தே வந்தோம். அடி விழும் என்று காத்திருந்தேன். பணத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் கேட்டாள், ஏன் அவள் மேல் சொன்னாய் என்று. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. நீ அவளுக்கு மட்டும் முள்ளு எடுத்துக் குடுக்கற, எனக்கு ஒருவாட்டிகூடக் குடுத்ததில்ல என்று கத்தினேன். அம்மா நான் சொன்னதன் தலைகால் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"உனக்குத்தான் முள்ளு பாக்கத் தெரியுமே," என்றாள்.

வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் தேர் நகர்ந்தது. அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, கண்ணாடி வளையல், ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். அத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தான் கொண்டுவந்த பட்டுச் சேலையை அம்மா கையில் வைத்தாள். மயில் கழுத்து நிறமில்லை, அரக்கு நிறம். அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேர்க் கூட்டத்தில் அவள் ஏன் அடிக்கடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் என்று யோசித்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே வீட்டாரைப் பார்த்து வயிறெரிந்து கொண்டிருந்தோம் என்பது எனக்குத் தெரியாது. அவள் தன் வயிற்றெரிச்சலுக்குச் சிறுகச் சிறுகச் சேர்த்தாள். நான் என் வயிற்றெரிச்சலுக்கு அதை எடுத்துச் செலவழித்தேன்.

வீட்டுக்கு வந்து தீவைத் திறந்து பார்த்தேன். மாடி வீடும், இரண்டு குதிரைகளும், யானையும் அப்படியே இருந்தன. பக்கத்தில் அவள் தீவைக் காணோம். என்னைக் கழற்றிவிட்டிருந்தாள். பார்ப்பதற்கு ஆளில்லாத மாளிகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. விளையாட்டை நானே அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஊருக்குக் கிளம்பும் முன் அண்ணன் வீட்டில் சாப்பிடாமல் போகக் கூடாது என்று மாமாதான் கூட்டிவந்தாராம். சங்கரா குழம்பு. எல்லோரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். மழை வருமா என்று அப்பா கேட்டார், வரலாம் என்றார் மாமா. சாப்பாட்டுக்கு முன்னால் மாமா, போனிலிருந்து அந்த விரலை எடுத்துவிட்டு எண் மட்டும் வைத்துத் தரட்டுமா, ஐந்து நிமிட வேலைதான் என்று அம்மாவிடம் கேட்டிருந்தார். இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டு அம்மா குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

அம்மா வழக்கம்போல் பாரீஸ்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்தாள். அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாக எடுத்தாள். மயிரிழை போன்ற முள்ளைக்கூட விடவில்லை. அந்தப் பெண் முதலில் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டது. அம்மா கையை எடுக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அது ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. மெர்சி சொல்லவில்லை. அம்மா அடுத்த துண்டைப் பிட்டாள். இவ்வளவு நடந்த பிறகும் அவளுக்கே நடுத்துண்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அலமாரி மேலிருந்த போன் சத்தம் கொடுத்தது. பேங்க் செய்தி வரும்போது கேட்கும் சத்தம். கூடத்தில் எல்லோர் கையும் ஒரு நொடி நின்றது. அம்மா குழம்பும் முள்ளுமாக இருந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இடது கையால் போனை எடுத்து, அத்தையையும் மாமாவையும் தாண்டி நடந்துவந்து, என் முன்னால் வைத்தாள்.

"தொறந்து படி பாப்பா. யாரு எவ்ளோ போட்டுருக்காங்கன்னு பாத்துச் சொல்லு."

விரலை வைத்தேன். முதல் தடவையே திறந்தது. படித்துச் சொன்னேன், இந்த முறை உள்ளதை உள்ளபடி. அம்மா சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து முள் எடுக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு என் கையில் அவள் என்ன கொடுத்துவிட்டுப் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பாரீஸ்காரியின் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.